காளீஸ்வரியின் நடையை அளக்கப் போன வாரம்

நான் கிள்ளானிலிருந்து சுமந்து வந்த நுரைமெத்தையின் மேல் ஓர் அம்மாள் உட்கார்ந்துகொண்டு, பேருந்தில் காரைக்குடி வரை சுகமாகப் பயணம் செய்தார். அது உட்கார்வதற்கான மெத்தை இல்லை. தலையில் அடிபட்ட விளையாட்டுக்காரர்களை அதன்மேல் கண்ணை மூடி நிற்கவைத்து, எவ்வளவு தள்ளாடுகிறார்கள் என்று பார்ப்பதற்கானது. அதைச் சொல்லிப் பார்த்தேன். "இடுப்பு வலி தாயி. இதுல உக்காந்தா தூளியில உக்காந்தாப்புல இருக்கு. எங்குட்டு வாங்குனீக?" என்று என்னையே கேட்டார். மலேசியா என்றதும், "ஒரு மெத்தைக்கு அம்புட்டுத் தூரம் போகணுமாக்கும்" என்று பரிதாபமாகப் பார்த்துவிட்டுத் தூங்கிப் போனார். இறங்கும்போது மெத்தையின் நடுவில் பெரிய பள்ளம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இதற்குப் பிறகு சிரிக்க அதிகம் இல்லை.

கிள்ளானில் ஒரு மருத்துவமனையில் இருபத்திரண்டு வருடங்களாக இயன்முறைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அடிபட்டவர்களை நிற்க வைப்பது, நடக்க வைப்பது, அவர்கள் எப்படி நிற்கிறார்கள், எப்படி நடக்கிறார்கள் என்று அளப்பது. இதுதான் என் பிழைப்பு. என்னோடு கோயம்புத்தூரில் படித்த அழகம்மை, காரைக்குடி செக்காலையில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கிறாள். கல்லல் பக்கத்துக் கபடிப் பெண்கள் அவளிடம்தான் முட்டிக்கும் தோளுக்கும் வருவார்கள். "தலையில அடிபட்ட பிள்ளைக நாலு பேரு இருக்கு வசந்தி. இங்க தலைய யாரும் பாக்க மாட்டேங்குறாக. ரத்தம் வரலைன்னா அடியே இல்லைங்குறாக. நீ உன் பெல்ட்டத் தூக்கிக்கிட்டு வா" என்று குரல் செய்தி அனுப்பியிருந்தாள். பெல்ட் என்றால் இடுப்பில் கட்டுகிற பட்டை. அதில் தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்று இருக்கும். உடம்பு எந்தப் பக்கம் எவ்வளவு ஆடுகிறது என்று அது கைபேசிக்குச் சொல்லும். என் மேலதிகாரி டாக்டர் ரோஸ்னாவிடம் கெஞ்சி அதை வாங்கிக்கொண்டு, பத்து நாள் விடுப்பும் போட்டேன்.

செக்காலை ரோட்டில் ஆட்டோக்காரர்கள் வண்டிகளுக்கு இடையில் நூல் கோக்கிறார்கள். கிள்ளானில் நாங்கள் பச்சை விளக்கு எரிந்தும் இரண்டு பக்கமும் பார்த்துப் போகிற ஜாதி. நான் கம்பியைப் பிடித்த பிடியைப் பார்த்துவிட்டு ஆட்டோக்காரர், "பயப்படாதீக, விழுந்தாலும் மெத்தை வச்சிருக்கீகள்ல" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலையில் வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும் பசியாறினோம். பணியாரம் அவ்வளவு மிருதுவாக இருந்தது, சட்னி என்னை அழவைத்தது. எங்கள் ஊர் சம்பல் காரம் என்று இத்தனை நாள் பீற்றிக்கொண்டது வீண்.

அழகம்மையின் புகுந்த வீடு பெரிய வீடு. முன்பாதியை வெளிநாட்டுக்காரர்கள் தங்குவதற்கு விட்டிருக்கிறார்கள். கிளினிக்கில் மூன்று மீட்டர் நேராக நடக்க இடமில்லை என்பதால், வீட்டு வளவில் சோதனையை வைத்துக்கொண்டோம். நடுவில் வானம் தெரிகிற முற்றம், சுற்றி ஆத்தங்குடிக் கல் பதித்த நடை. பூப்பூவாக இருக்கும் அந்தக் கல்லின்மேல் என் வெள்ளை டேப்பை ஒட்டுவதற்கே மனசு வரவில்லை. நாலு பெண்கள் இடுப்பில் கைவைத்து, கண்ணை மூடி, ஒற்றைக் காலில் வரிசையாக நின்றார்கள். மாடியிலிருந்து எட்டிப் பார்த்த வெள்ளைக்காரத் தம்பதி ஆங்கிலத்தில் பேசிக்கொண்டது எனக்குக் கேட்டது. "இது இவர்களுடைய காலை வழிபாடாக இருக்கும்." "நாமும் கேட்டால் சேர்த்துக்கொள்வார்களா?"

மூன்று பெண்களுக்குப் பிரச்சினையில்லை. நாலாவது காளீஸ்வரி. வயது இருபத்திரண்டு. ரெய்டர், அதாவது எதிரணிக்குள் பாடிக்கொண்டே புகுந்து தொட்டுவிட்டுத் திரும்புகிறவள். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு திருவிழா ஆட்டத்தில் அடுத்தவளின் முழங்கால் அவள் காதுக்கு மேலே இடித்திருக்கிறது. விழுந்து, கொஞ்ச நேரம் கண் செருகிக் கிடந்து, எழுந்து, அடுத்த ரெய்டுக்கும் போயிருக்கிறாள். இரண்டு புள்ளி எடுத்ததாகவும் சொன்னாள். எடுத்தது அவளுக்கு ஞாபகம் இல்லையாம், மற்றவர்கள் சொல்லித்தான் தெரியுமாம்.

கண்ணைத் திறந்து நின்றால் காளீஸ்வரி நன்றாக நின்றாள். மெத்தையில் கண்ணை மூடியதும் இரண்டு தடவை காலை ஊன்றினாள். அதை மெத்தையின் பள்ளத்துக்குத் தள்ளிவிடலாம். ஆனால் நடைச் சோதனையைத் தள்ள முடியவில்லை. குதிகாலை மறு காலின் விரலோடு ஒட்டி ஒட்டி வைத்து டேப்பின் மேல் போய்த் திரும்ப வேண்டும். நடந்துகொண்டே நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லவும் வேண்டும். தலை ஆறியிருந்தால் வாய் ஒரு வேலையும் கால் ஒரு வேலையும் பார்க்கும், கறிகாய்க்காரரிடம் பேரம் பேசிக்கொண்டே நாம் நடப்பதுபோல. ஆறவில்லையென்றால் ஏதாவது ஒன்று நின்றுபோகும். காளீஸ்வரி "தொண்ணூத்தி மூணு" என்றாள். "எம்பத்தி..." என்றாள். அங்கேயே நின்றாள். பக்கவாட்டில் சாய்ந்து அழகம்மையின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"கணக்குன்னா அவளுக்குச் சின்னப்புள்ளையிலயே காய்ச்சல் வந்துரும் மேடம்" என்றார் அவளுடைய பயிற்சியாளர் சேது. எல்லோரும் அவரை மாஸ்டர் என்றே கூப்பிடுகிறார்கள். "கபடி ஆடுற பிள்ளையக் கூட்டியாந்து கழித்தல் கேட்டா என்ன செய்யும்?"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றேன் நான். அப்போது எனக்கு வாய் நீளமாகத்தான் இருந்தது.

புதன்கிழமை அவர்கள் ஆடுகிற களத்தைப் பார்க்கக் கல்லல் பக்கம் கிளம்பினோம். பாதி வழியில் ஆட்டோ இருமிவிட்டு நின்றது. ஓட்டுநர் இறங்கி அதன் வயிற்றைத் திறந்து பார்த்து, "இது இனிமே வராது, நீங்க நடங்க" என்று வைத்தியர் கைவிரிப்பதுபோல விரித்தார். அறுவடை முடிந்த வயல் வழியாக, வெயிலில், மெத்தை தலையில், பெல்ட் தோளில். எதிரில் டி.வி.எஸ். ஐம்பதில் வந்த ஒருவர் நிறுத்தி, வண்டியைத் திருப்பி, மெத்தையை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார். போய்ச் சேர்ந்த பிறகுதான் அவர் காளீஸ்வரியின் அப்பா கருப்பையா என்று தெரிந்தது.

அவர்கள் வீட்டில் நாட்டுக்கோழிக் குழம்பு. காளீஸ்வரி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள், வெயில் கண்ணைக் கூசுகிறது என்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டு. அவள் அம்மா பாண்டியம்மாள் என் இலையில் குழம்பை ஊற்றிக்கொண்டே விஷயத்துக்கு வந்தார். "ஞாயித்துக்கெழம கவர்மெண்டு டீமுக்கு ஆள் எடுக்குறாக. எடுத்துட்டா வேலை. அடுத்த வருசம் இவளுக்கு வயசு தாண்டிப் போயிரும். தலையில அடிபட்டத யாரோ சொல்லிக் குடுத்துட்டாக. இப்ப நட நல்லாருக்குன்னு தாளு கொண்டாந்தாத்தான் எறக்குவாகளாம். நீங்க எழுதித் தந்தா எங்க டாக்டரு கையெழுத்துப் போட்டுருவாரு."

நான் எழுதினால். குழம்பு போதும் என்று இலைக்கு மேல் கையை நீட்டினேன். கிள்ளானில் இப்படி ஒருவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு அவர் பிள்ளையை அளக்க என்னை விடமாட்டார்கள். நானும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அங்கே ஒரு பள்ளிப் பையன் பந்தாட்டத்தில் மண்டையை இடித்துக்கொண்டால், அழுதாலும் புரண்டாலும் தலைவலி போகும்வரை மைதானத்துக்குள் விடுவதில்லை. "அளந்து பார்த்துத்தான் சொல்லணும்" என்றேன். "அளங்க தாயி. நாங்க வேணாம்னா சொல்றோம்" என்றார் கருப்பையா.

வியாழக்கிழமை மறுபடியும் வளவு, மறுபடியும் டேப். தலைவலி இருக்கிறதா என்று கேட்டேன். "இல்ல மேடம், சுத்தமா இல்ல" என்றாள். கண்ணைப் பார்த்துச் சொன்னாள். பொய் சொல்கிறவர்கள்தான் அப்படிக் கண்ணைப் பார்ப்பார்கள் என்று தெரிந்தும் எழுதிக்கொண்டேன்.

கழித்தல் மறுபடியும் தொண்ணூற்று மூன்றில் நின்றது. இந்தத் தடவை அழுதாள். தள்ளாட்டத்துக்காக அழவில்லை. "எட்டாவதோட நிறுத்திட்டாக மேடம் என்னைய. கணக்கு தெரிஞ்சா நான் ஏன் இங்க வந்து நிக்கிறேன்?" என்றாள்.

அது என்னைச் சுட்டது. எங்கேயோ குளிரூட்டிய அறையில், கல்லூரிப் பையன்களை வைத்து யாரோ செய்த சோதனையைக் கொண்டுவந்து இவள்மேல் போடுகிறேனே என்று தோன்றியது. அந்தந்த ஊர் ஆளுக்கு ஏற்றபடி சோதனையை மாற்ற வேண்டும் என்று கிள்ளானில் இளையவர்களுக்கு வகுப்பெடுக்கிறவள் நான். யோசித்தேன். யோசித்ததும் ஒன்று பளிச்சென்று வந்தது. வந்த கையோடு என் தோளை நானே தட்டிக்கொண்டேன், அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வாய்க்கு ஒரு வேலைதானே வேண்டும்? அவளுக்குத் தெரிந்த வேலையையே கொடுப்போம்.

"கணக்கு வேண்டாம். கபடி பாடிக்கிட்டே நட" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு மூச்சை இழுத்து, "கபடி கபடி கபடி" என்று தாழ்ந்த குரலில் ஆரம்பித்து டேப்பில் காலை வைத்தாள். ஒரு சாய்வு இல்லை. திரும்பும் இடத்தில் எல்லோரும் தடுமாறுவார்கள், அவள் பம்பரமாகத் திரும்பினாள். கைபேசியில் கோடு அமைதியாக ஓடியது. மூன்று தடவை நடந்தாள், மூன்றும் அப்படியே. மாஸ்டர் கைதட்டினார். மாடியில் வெள்ளைக்காரத் தம்பதியும் தட்டினார்கள்.

அழகம்மை மட்டும் தட்டவில்லை. "மத்த மூணு பேரையும் பாட விட்டுப் பாப்பமாடி? எல்லாரும் பாடுனா நல்லாத்தான் நடப்பாகளோ என்னமோ" என்றாள். நல்ல கேள்வி. ஒரு மணி நேரத்து வேலை. நாளைக்குப் பார்க்கலாம் என்றேன்.

நாளைக்கு, வெள்ளிக்கிழமை, பிள்ளையார்பட்டிக்குப் போனோம். காரைக்குடி வரை வந்துவிட்டுக் கற்பக விநாயகரைப் பார்க்காமல் போவதா என்று அழகம்மை வீட்டில் எல்லோரும் ஒரே பிடிவாதம். கூட்டத்தில் எனக்கு முன்னால் நின்ற ஒரு குடும்பம் தேர்வு எண் எழுதிய சீட்டைக் கையில் பொத்தி வைத்திருந்தது. மலையைக் குடைந்த இருட்டுக்குள் பிள்ளையார் பெரிதாக உட்கார்ந்திருந்தார். நான் காளீஸ்வரிக்காக வேண்டிக்கொண்டேன், வேலை கிடைக்க வேண்டும் என்று. வெளியே வந்து கொழுக்கட்டை தின்று, தேங்காய்க்காரியோடு சண்டை போட்டு, பேருந்தில் நின்றுகொண்டே திரும்பினோம். வந்ததும் கால் வலித்தது. மூன்று பெண்களையும் கூப்பிட்டுப் பாட வைக்கிற எண்ணம் எங்கேயோ போய்விட்டது. சாயங்காலம் மாஸ்டர் வந்து நின்றார். "நடையும் சமநிலையும் இயல்பாக உள்ளன" என்று அழகம்மையின் கிளினிக் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சனிக்கிழமை அவர்கள் ஊர் டாக்டர் அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலேயே தன் கையெழுத்தையும் போட்டார். என் புத்திசாலித்தனத்தை யாரிடமாவது காட்ட வேண்டுமே, அவள் பாடி நடந்த வீடியோவை அன்று இரவு டாக்டர் ரோஸ்னாவுக்கு அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை செம்மண் மைதானம், ஷாமியானா, ஒலிபெருக்கி, சுக்குக் காப்பி. தேர்வாளர்கள் மூன்று பேர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கருப்பையா வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தார். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ரோஸ்னாவின் பதில் வந்தது. மலாயில் எழுதியிருந்தார். "அழகான நடை. ஆனால் அந்தப் பாட்டை அவள் எத்தனை வருடமாகப் பாடுகிறாள்? அவளுக்கு அது மூச்சு மாதிரி. நீ அவள் கவனத்தைப் பிரிக்கவில்லை, கையில் ஊன்றுகோலைக் கொடுத்துவிட்டு நன்றாக நடக்கிறாள் என்கிறாய். கணக்கு வராவிட்டால் கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லியிருக்கலாமே. விளையாட விட்டுவிடாதே."

இரண்டு தடவை படித்தேன். உடனே எழுந்து மேசைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஆட்டத்தின் நடுவில், அத்தனை பேருக்கு முன்னால், நான் எழுதிய தாள் தப்பு என்று எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். இடைவேளையில் மாஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இடைவேளைக்கு ஐந்து நிமிடம்தான் இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதற்கு வேறு பெயர் கிடையாது.

அந்த ஐந்து நிமிடத்துக்குள் காளீஸ்வரி பாடிப் போனாள். பாட்டு ஷாமியானா வரை கேட்டது. ஒருத்தியைத் தொட்டாள், திரும்பினாள், பின்னாலிருந்து ஒரு பெண் அவள் கணுக்காலைப் பிடித்தாள். நல்ல பிடி, அந்தப் பெண்மேல் குற்றமில்லை. காளீஸ்வரி விழுந்தாள். பலமான அடிகூட இல்லை, கன்னம் மண்ணில் பட்டது. பாட்டு நின்றது. எழுந்தாள். எழுந்து, தன் பக்கம் போகாமல் எதிரணிக்குள்ளேயே நாலு அடி நடந்தாள், ஒவ்வொரு அடியும் ஒவ்வொரு பக்கமாக. கூட்டம் சிரித்தது. நான் ஓட ஆரம்பித்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் அவள் உட்கார்ந்து சாய்ந்துவிட்டாள், கை கால் வெட்டி இழுக்க ஆரம்பித்துவிட்டது.

மதுரைக்குப் போன ஆம்புலன்ஸில் அழகம்மையும் நானும் ஏறிக்கொண்டோம். வழி நெடுக அவள் காளீஸ்வரியின் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை. அன்று இரவே மண்டையைத் திறந்து மூளை வீக்கத்துக்கு இடம் கொடுத்தார்கள். முதல் அடி ஆறுமுன்னே இரண்டாவது விழுந்தால் இப்படி ஆகும் என்று அங்கே இருந்த டாக்டர் எங்களுக்கு விளக்கினார். இதை நான் எத்தனை பேருக்கு விளக்கியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை. மறுநாள் எனக்கு விமானம். தீவிரப் பிரிவுக்கு வெளியே, வரிசையாகப் போட்டிருந்த இரும்பு நாற்காலிகளில் ஒன்றில் கருப்பையா இருந்தார். பாண்டியம்மாள் உள்ளே போயிருந்தார். கருப்பையாவின் கையில் என் தாள். ஒவ்வொரு டாக்டர் வரும்போதும் எழுந்து அதை நீட்டியிருக்கிறார்.

"இங்க உள்ளவுக யாரும் இதப் படிக்க மாட்டேங்குறாக தாயி. நட நல்லாருக்குன்னு எழுதியிருக்குல்ல. நீங்க வந்துட்டீக, கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அய்யா, அந்தத் தாள் தப்பு. அவளுக்கு இன்னும் ஆறலை. நான் சோதனை பண்ணின விதமே தப்பு. அவளை ஆட விட்டிருக்கவே கூடாது. தப்புன்னு தெரிஞ்ச பிறகும் நான் எந்திரிச்சுப் போய்ச் சொல்லலை" என்றேன். அவர் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். "தப்பெல்லாம் இல்ல தாயி. நீங்க சரியாத்தான் கண்டுபிடிச்சீக. அடிபட்ட நாள்ல இருந்து வீட்டுலயும் அவ அப்படித்தான். கொல்லப்பக்கம் போறதுன்னாக்கூட வாய்க்குள்ள கபடி கபடின்னு சொல்லிக்கிட்டேதான் நடப்பா. சொல்லலைன்னா செவத்தப் பிடிப்பா. உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு எங்க ரெண்டு பேருகிட்டயும் சத்தியம் வாங்கிட்டா. கடைசியில நீங்களாவே பாடிக்கிட்டு நடன்னு சொன்னீகளா, அன்னைக்கு வீட்டுக்கு வந்து என்னையக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. 'அந்தம்மாவுக்கே தெரிஞ்சு போச்சுப்பா, தெரிஞ்சும் சரின்னுட்டாக'ன்னு."

உள்ளே ஏதோ கருவி சீராகக் கத்திக்கொண்டிருந்தது. பாண்டியம்மாள் வெளியே வந்து சுவரோரம் போய் நின்றார்.

"வாயில குழாயச் சொருகி வச்சிருக்காக தாயி" என்றார் கருப்பையா. "அத எடுத்தாப் பாடுவா. பாடுனா எந்திரிச்சிருவா. இவுகளுக்கு அது தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். போயிச் சொல்லுங்க."

தாளை என் மடியில் வைத்துவிட்டு, எனக்கு வழிவிட்டுத் தன் காலை ஒடுக்கிக்கொண்டு, நான் எழுந்து போவதற்காகக் காத்திருந்தார்.